சூனியக்காரியின் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள்

சின்யோரா தான் சூனியக்காரியாகப் போவதாக என்னிடம் சொன்னபோது நான் அவருடைய குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பா பிறகா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அவர் பெரிய வகுப்புகளுக்கு இரசாயனம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கலியாணம் கட்டவில்லை. பலேர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்பக்கத் தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் தனியாக இருந்தார். அதற்கு மேலேயுள்ள மொட்டைமாடியும் அவருக்கே சொந்தம். நான் பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை. சமைப்பேன், துடைப்பேன், அவர் எங்கோ வைத்துவிட்டுத் தேடும் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பேன். ஓய்வுபெற்ற முதல் மாரிகாலம் முழுக்க அவர் யன்னலோரம் இருந்து சிகரெட் புகைத்தார். அந்தச் சலிப்பில்தான் யாரோ ஒரு சிநேகிதி கொடுத்த மூலிகைப் புத்தகம் அவர் கையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மேசை நிறையப் புத்தகங்கள், எல்லாவற்றின் அட்டையிலும் பிறைநிலா.

சூனியம் என்றால் ஆளைக் கட்டிப்போடுவதும் முட்டை புதைப்பதுமில்லை, பழைய காலத்துச் சனங்கள் மண்ணையும் நிலாவையும் செடிகளையும் கும்பிட்ட முறைதான் அது என்று எனக்கு விளக்கம் தந்தார். தேவாலயங்கள் வருவதற்கு முன்னால் இந்தச் சிசிலி மண்ணிலேயே தெய்வங்கள் காடு மேடாக நடந்து திரிந்தார்களாம். அவர்களுக்கு மொட்டைமாடியில் ஒரு தோட்டம் போடப்போகிறார். ஒரு தோட்டமில்லை, மூன்று.

சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட பெரிய தாளை விரித்து, அடிமட்டமும் மூன்று நிறப் பென்சிலும் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை அதைத் திட்டமிட்டார். கிழக்கு மூலையில் நிலாத் தோட்டம். அங்கே வெள்ளைப் பூவும் வெள்ளி நிற இலையும் மட்டுமே இருக்கலாம். படிக்கட்டுப் பக்கத்தில் முச்சந்தித் தோட்டம். அது மூன்று தெருக்கள் சந்திக்கும் இடத்தில் காவல் நிற்கும் மூன்று முகத் தெய்வத்துக்கு. நடுவில் வருடச் சக்கரம். வட்டத்துக்குள் எட்டு ஆரம், ஒவ்வொரு ஆரத்திலும் ஒவ்வொரு பழைய திருநாளுக்குரிய செடி. அந்தத் திருநாள்களில் பாதி, பனி பெய்யும் நாட்டுச் சனங்களுடையவை. பலேர்மோவின் ஆவணி வெயிலில் மொட்டைமாடித் தரையில் முட்டை பொரிக்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் அந்த ஆரத்தை அழித்துவிட்டுக் கற்றாழை என்று எழுதினார்.

நான் மன்னார்க் கத்தோலிக்கத்தி. ஞாயிறு பூசை தவறவிடாதவள். அன்று பின்னேரம் பஸ்ஸில், நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதிக்குத் திரும்பிப் போகும்போது, சூனியக்காரியின் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது பாவமா, அப்படியென்றால் சின்னப் பாவமா பெரிய பாவமா என்று யோசித்துக்கொண்டு போய், இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிவிட்டேன்.

எங்களுடைய கட்டடத்தில், எங்களோடு ஒரே வீட்டில் ஒரு அறையில் இருந்தாள் என் சிநேகிதி. வன்னிப் பக்கம். சண்டை முடிந்த பிறகு வந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். காலையில் நாலைந்து கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுவாள். சைவக்காரி, ஆனால் பயம் என்ற ஒன்று அவளுக்கு எந்தச் சமயத்திலும் கிடையாது. விசயத்தைச் சொன்னேன். அவள் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி ஊத்துறதிலை என்னக்கா பாவம்? ஆர் நட்டதெண்டு செடிக்குத் தெரியவே போகுது?"

அதோடு, மண் தூக்க ஆள் வேணுமெண்டால் தானும் வாறன் என்றாள். மண் தூக்க ஆள் வேண்டித்தான் இருந்தது. லிப்ட்டில் மூட்டை ஏற்றக்கூடாது என்று கட்டடச் சங்கம் எழுதி ஒட்டியிருந்தது. அதனால் நாங்கள் இருவரும் மண்ணைக் கடைப் பைகளில் பிரித்து நிரப்பி, மேலே லீக்ஸ் இலையும் பாணும் தெரிகிற மாதிரி வைத்து, மரியாதையான சாமான்போல ஏற்றினோம். ஒரு கிழமையில் அந்தக் கட்டடத்துச் சனங்கள் சின்யோரா எவ்வளவு லீக்ஸ் சாப்பிடுகிறார் என்று வியந்திருப்பார்கள்.

சக்கரம் போடும் நாள் வந்தது. சின்யோரா சோக்குக் கட்டியால் தரையில் வட்டம் கீறினார். இரசாயனம் படிப்பித்த கை. ஆனாலும் வட்டம் மாங்காய் வடிவில் வந்தது. இரண்டாம் தரம் கீறினார். அது முதலாவதைவிடப் பெரிய மாங்காய். சிநேகிதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விளக்குமாற்றுத் தடியை நடுவில் நட்டமாக என்னைப் பிடிக்கச் சொல்லி, அதில் கயிறு கட்டி, மறுநுனியில் சோக்கை வைத்து ஒரே சுற்றில் வட்டத்தை முடித்தாள். எட்டு ஆரங்களையும் இழுத்தாள். கை நிற்கவில்லைபோல, விளிம்பைச் சுற்றித் தாமரை இதழ்களும் போட்டாள்.

சின்யோரா வாயில் சிகரெட் எரிவதை மறந்து நின்றார். இது எந்த மரபு, யார் கற்பித்தது என்று கேட்டார். சிநேகிதியின் இத்தாலியன் படிக்கட்டு, வாளி, நாளைக்கு ஆகிய சொற்களோடு முடிந்துவிடும். நான்தான் மொழிபெயர்ப்பு. கோலம், விடியக் காலமை வாசலில் போடுவது என்று அவள் சொன்னாள். அதை அப்படியே சொன்னேன். விடியற்காலை, வாசற்படி, பெண்கள் மட்டும் என்று சின்யோரா ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லித் தன் கொப்பியில் எழுதினார். அன்றிலிருந்து அவளை அவர் பார்த்த பார்வையே வேறு. கோப்பி போட்டுக் கொடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் எனக்கு அவர் கோப்பி போட்டுத் தந்ததில்லை.

அடுத்த கிழமை சிநேகிதி தன் பல்கனியிலிருந்து மூன்று சட்டி கொண்டுவந்து சக்கரத்தின் ஓரத்தில் வைத்தாள். எங்களுடைய பல்கனியில் இனி ஆள் நிற்க இடமில்லை, இஞ்சை நல்ல வெயில் என்பதே காரணம். சின்யோரா முதல் சட்டியைச் சுற்றி நடந்தார். கறிவேப்பிலை. இதன் சக்தி என்ன என்று கேட்டார்.

"இது இல்லாட்டிக் கறி கறியா இராது எண்டு சொல்லுங்கோ," என்றாள் சிநேகிதி.

நான் நேர்மையாகத்தான் மொழிபெயர்த்தேன். கறிக்கு இத்தாலியனில் சரியான சொல் வராததால், இது இல்லாவிட்டால் ஒரு பொருள் அந்தப் பொருளாக இராது என்று சொன்னேன். சின்யோரா கண்ணை மூடித் திறந்தார். பொருளுக்கு அதன் உண்மையைக் கொடுக்கும் செடி என்று கொப்பியில் ஏறியது. அடுத்தது பச்சை மிளகாய். இது கண்ணில் படக்கூடாது என்று எச்சரிக்கச் சொன்னாள் சிநேகிதி. அதையும் சொன்னேன். சின்யோரா உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் பார்க்கக்கூடாத மறைச்செடி என்று எழுதி, அந்தச் சட்டிக்கு ஒரு துணியால் திரை கட்டினார். மூன்றாவது வல்லாரை. ஞாபக சக்திக்கு என்றேன். இரண்டு இலையை மென்றுவிட்டுக் கீழே போனவர் ஐந்து நிமிடத்தில், காலையிலிருந்து தேடிய மூக்குக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தவள் நானே. அதைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை.

முச்சந்தித் தோட்டத்துக்குத்தான் பெரும்பாடு. மூன்று முகத் தெய்வத்துக்குச் சிலை வேண்டும். சிலை எங்கும் கிடைக்கவில்லை. அப்போது போர்கோ வெக்கியோச் சந்தையில் ஒரு பெண்கள் உடுப்புக் கடை பூட்டப்பட்டது. கடைக்காரி கண்ணாடிக்குள் நின்ற பொம்மைகளை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார். மூன்று பொம்மைகள். ஆளுயரம். ஒன்றுக்குத் தலை இல்லை. சின்யோரா அதைத் தெய்வத்தின் அழைப்பு என்றார். வாகனம் பிடிக்கலாமே என்றேன். இருநூறு அடி தூரத்துக்கு வாகனமா என்றார். அது இருநூறு அடியில் முடியவில்லை.

காலை பத்து மணிக்கு, சந்தை நிரம்பி வழியும் நேரத்தில், நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பொம்மையை இடுப்பில் அணைத்துக்கொண்டு வரிசையாக நடந்தோம். முன்னால் சின்யோரா, தலையில்லாததோடு. அது பிறந்த மேனியாக வருவது சரியில்லை என்று தன் பட்டுச் சால்வையைக் கழற்றி என் பொம்மைக்குப் போர்த்தினார். ஏன் தன்னுடையதுக்குப் போர்த்தாமல் என்னுடையதுக்குப் போர்த்தினார் என்று கேட்க நேரமில்லை. என் பொம்மையின் இடது கை வழியில் கழன்றுவிட்டது. அதைத் தோளில் தொங்கிய பையில் சொருகினேன். ஐந்து விரலும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. மீன்காரர் ஒருவர் விரல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அந்தக் கைக்குள் வைத்துவிட்டு, மயக்கத்துக்கு நல்லது என்றார். மரக்கறிக் கிழவி ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். எதிரே எங்கள் பங்கைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் வந்தன. நான் பொம்மையின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர்கள் பொம்மையைக் கடந்து போய், அக்கா சுகமோ என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

கட்டடத்து லிப்ட்டில் இரண்டு பேர்தான் நிற்கலாம். முதலில் சின்யோரா தன் பொம்மையோடு போனார். பிறகு சிநேகிதி. என் முறை வந்தது. பொம்மையை உள்ளே நட்டமாக நிறுத்திவிட்டு, படியில் வைத்த பையை எடுக்கத் திரும்பினேன். கதவு மூடிக்கொண்டது. நாலாம் மாடியில் யாரோ பொத்தானை அமத்தியிருக்கிறார்கள். லிப்ட் பொம்மையை ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டது.

நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். எந்த வெயிலிலும் தொப்பியும் கோட்டும். கண்ணில் வெண்படலம், சத்திர சிகிச்சைக்குப் பயந்து தள்ளிக்கொண்டே இருந்தார். நான் கீழே நின்று லிப்ட் இறங்கி வரும் சத்தத்தைக் கேட்டேன். அதோடு அவருடைய குரலும் இறங்கி வந்தது. இந்த வருடம் குளிர் விட்டுப் போகிறதாயில்லை, கடற்காற்றும் சேர்ந்தால் எங்கள் கதி என்ன என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தார். கதவு திறந்தது. அவர் தொப்பியைக் கையில் எடுத்து, உடம்பை ஒருபக்கம் ஒதுக்கி, முதலில் நீங்கள் என்று பொம்மைக்கு வழிவிட்டார். பொம்மை அசையவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்.

கடைசியில், அவ கதைக்க மாட்டா என்று மட்டும் சொன்னேன்.

வக்கீலின் முகம் மாறிவிட்டது. ஊமைப் பெண்ணைச் சங்கடப்படுத்திவிட்டதாக நினைத்து, பொம்மையிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பட்டுச் சால்வை மிக அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு படிக்கட்டில் காணும்போதெல்லாம் அந்தப் பாவப்பட்ட சின்யோரா எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பார். அப்படியேதான் இருக்கிறா என்பேன். அதில் பொய்யில்லை.

மேலே மூன்று பொம்மைகளையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி நிறுத்தினோம். தலையில்லாததற்கு என்ன செய்வதென்று யோசித்த சின்யோரா, வரவேற்பறையிலிருந்த மண்தலைச் சட்டியைக் கொண்டுவந்தார். இந்த ஊரில் பல்கனிக்குப் பல்கனி வைத்திருப்பார்களே, முடி இருக்க வேண்டிய இடத்தில் செடி வளர்கிற தலைச் சட்டி, அது. அவரிடம் ஆண் தலைதான் இருந்தது. கறுத்த முறுக்கு மீசை. கழுத்தில் அது சரியாகப் பொருந்தியது. மீசையின் மேல் துளசி மாதிரியான பசிலிக்கோ நட்டோம். தெய்வம் இரண்டு பக்கம் சிரித்துக்கொண்டும் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டும் நின்றது. சின்யோரா ஒரு வட்டம் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய தெய்வங்கள் ஆண் பெண் என்று பார்ப்பதில்லை என்றார். அவருக்கே அது முழுச் சமாதானமாக இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சித்திரை மாதம். செடிகள் எல்லாம் பிடித்துக்கொண்டன. நிலாத் தோட்டத்தில் மல்லிகை. முச்சந்தியில் ரூத்தா, கண்ணூறு கழிக்க இந்த ஊர்க் கிழவிகள் வாசலில் தொங்கவிடுகிற, பூனை மூத்திரம்போல மணக்கிற செடி. சக்கரத்தில் சேஜ், றோஸ்மேரி, மாதுளங்கன்று, திரைக்குப் பின்னால் மிளகாய். வளர்பிறையில் அதிகமாகவும் தேய்பிறையில் குறைவாகவும் தண்ணீர் விட வேண்டும் என்று சின்யோரா அட்டவணை போட்டிருந்தார். அது வளர்பிறைக் காலம்.

ஒரு வியாழக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வக்கீல் நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் பங்குச் சுவாமியார் நின்றார். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கோயிலைத் தருகிற அதே சுவாமியார். கையில் தீர்த்தப் போத்தல்.

நடந்தது இதுதான். வக்கீலின் படுக்கையறை முகட்டில் ஈரக்கறை ஒன்று வந்திருக்கிறது. முதலில் வட்டம். அடுத்த நாள் வட்டத்தின் மேல் இரண்டு கொம்பு. மூன்றாம் நாள் தாடி. தன் மங்கிய கண்ணுக்கே அது தெரிகிறதென்றால் அது சாதாரணக் கறையில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மேலே சூனியத் தோட்டம் இருக்கிறது என்று கட்டடக் காவலாளி வேறு சொல்லியிருக்கிறார். வக்கீல் நேரே கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

சின்யோரா இருவரையும் மேலே கூட்டிப்போனார், ஒரு கெம்பீரத்தோடு. நானும், அன்று மண் கொத்த வந்திருந்த சிநேகிதியும் பின்னால் போனோம். மேலே ஏறியதும் வக்கீல் முச்சந்தித் தோட்டத்தின் முன் நின்று, சால்வையை அடையாளம் கண்டு, தொப்பியைக் கழற்றினார். நீங்கள் இங்கேயா இருக்கிறீர்கள் என்று பொம்மையிடம் இரக்கத்தோடு கேட்டார். இந்த வெயிலில் இவரை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று எங்கள் மூவரிடமும் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

நான் கிட்டப் போய், அவருடைய கையைப் பிடித்து, பொம்மையின் பிளாஸ்ரிக் கையில் மெதுவாக வைத்தேன். அவர் தடவிப் பார்த்தார். முன்பு கழன்று, நான் திரும்பச் சொருகிவிட்ட கையாதலால் அது மறுபடியும் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது.

"மூன்று மாதமாக நான் இவருக்காகச் செபம் பண்ணுகிறேன்," என்றார் வக்கீல்.

சுவாமியார் இருமினார். அது இருமல் மாதிரித் தொடங்கியது, ஆனால் தோள்கள் குலுங்கின. பிறகு அவர் தோட்டத்தைச் சுற்றி வந்தார். சேஜ் இலையைக் கசக்கி முகர்ந்து, தொண்டைக்கு நல்லதென்றார். ரூத்தாவைக் கண்டதும், சின்ன வயதில் தன் வீட்டுக் கதவிலும் இது தொங்கியது என்றார். மீசை வைத்த முகத்தின் முன் வெகுநேரம் நின்றார். இது யார் என்று கேட்டார். சின்யோரா விளக்கினார். சுவாமியார் அடுத்த முகத்துக்குப் போனார். திரையை விலக்கப் போனவரை சின்யோரா தடுத்து, அது பார்க்கக்கூடாத செடி என்றார். பின்னால் சிநேகிதி என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தது முதுகுக்கு மட்டும் தெரிந்தது.

சக்கரத்தின் நடுவில் பெரிய மாதுளைச் சட்டி இருந்தது. சுவாமியார் குனிந்து அதன் அடியைப் பார்த்தார். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் போகிற துவாரம் எங்கே என்று கேட்டார். சின்யோராவுக்குத் தெரியவில்லை. சிநேகிதிக்குத் தெரிந்தது. வட்டம் கீறும்போது தடியை ஊன்ற வாகாக ஒரு ஓட்டை இருந்தது, அதில்தான் ஊன்றினது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதன் மேல்தான் மூன்று மாதமாக அந்தச் சட்டி உட்கார்ந்திருக்கிறது. தேங்கிய தண்ணீர் சுவருக்குள்ளால் வழிந்து, ஐந்தாம் மாடியைத் தாண்டி வக்கீலின் முகட்டில் போய் நின்றிருக்கிறது. எல்லோருமாகச் சேர்ந்து சட்டியைத் தள்ளினோம். தேங்கியிருந்த தண்ணீர் ஏவறை விட்டதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கிப் போனது.

வக்கீலுக்குத் திருப்தியில்லை. வந்ததற்குத் தீர்த்தமாவது தெளிக்க வேண்டும் என்றார். சுவாமியார் போத்தலைத் திறந்தார். சின்யோரா குறுக்கே வந்தார். இது மதச் சண்டையாகப் போகிறது என்று நான் பயந்தேன். தீர்த்தத்தில் உப்புப் போடுவீர்களா என்று கேட்டார் அவர். கொஞ்சம் போடுவதுண்டு என்றார் சுவாமியார். உப்பு வேருக்குக் கூடாது, எத்தனை சதவீதம் என்று கேட்டார் சின்யோரா. சுவாமியார் அதை அளந்ததில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து, செடிகளில் படாமல் துவாரத்துக்குள் மட்டும் தெளிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். பலேர்மோவில் முறைப்படி மந்திரிக்கப்பட்ட மழைத்தண்ணீர்க் குழாய் வேறெங்காவது இருக்கிறதா எனக்குத் தெரியாது.

படியிறங்கும்போது சுவாமியாரை மறித்து, இத்தனை மாதமும் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது பாவமா?

"செடிக்கு ஊற்றுவது பாவமில்லை, மகளே. வக்கீலின் கட்டிலுக்கு ஊற்றுவதைத்தான் நிறுத்த வேண்டும்," என்றார். கையில் ஒரு கொத்து சேஜ் இருந்தது.

ஆனி மாதத்தில், பகல் நீண்ட நாளில், தோட்டத்தைத் திறந்து வைப்பதென்று சின்யோரா முடிவு செய்தார். பின்னேரம் ஐந்து மணிக்கு அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரும் வெள்ளை உடுப்பு, பாதத்தில் ஒன்றுமில்லை. தரை கொதித்தது. அவர்கள் சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்றதைப் பக்திப் பரவசம் என்று நான் முதலில் நினைத்தேன். பிறகு ஈரச்சாக்கு விரித்தேன்.

அவர்களில் மொந்தெல்லோ கடற்கரையிலிருந்து வந்த ஒருவர், நிறைய வெள்ளி வளையல் போட்டவர், சின்யோராவின் கொப்பியை வாசித்திருக்கிறார். கோலம், உண்மையைக் கொடுக்கும் செடி, எல்லாம் அவருக்குத் தெரியும். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்கள் நாட்டு மந்திரம் ஒன்றால் நீங்களே இந்தச் சக்கரத்தை ஆசீர்வதிக்க வேண்டும் என்றார். நான் சமைக்க வந்தவள் என்றேன். சமையலும் மந்திரம்தான் என்றார். மற்ற இரண்டு பேரும் ஓம் ஓம் என்பதுபோலத் தலையாட்டினார்கள். சின்யோரா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது.

எனக்கு மந்திரம் என்று பெயருள்ளவை இரண்டே இரண்டுதான் தெரியும். ஒன்று பரலோக மந்திரம். மற்றது அருள்நிறை மந்திரம். செபமாலையில் தினமும் ஐம்பது தரம் சொல்வது. மந்திரம் கேட்டார்கள், மந்திரம் சொன்னால் போயிற்று என்று, சக்கரத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி, மாதாவை நினைத்துக்கொண்டு, அருள்நிறைந்த மரியே வாழ்க என்று தொடங்கினேன்.

முதல் பாதியைச் சொல்லி மூச்சு எடுக்க நிறுத்தினேன். இரண்டாம் பாதியைப் பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. சிநேகிதி. ஐப்பசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் செபமாலை நடக்கும்போது அடுத்த அறையில் படுத்திருந்து கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமாகிவிட்டது. எங்கள் வீட்டில் சொல்லும் அதே இழுவையோடு சொன்னாள். இனி நிறுத்த வழியில்லை. நான் முதல் பாதி, அவள் இரண்டாம் பாதி என்று செபமாலையின் பத்து மணியும் முடித்தோம். கண்ணைத் திறந்தபோது வளையல்காரி அழுதுகொண்டிருந்தார். எத்தனை ஆயிரம் வருடத்துப் பழமை என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் பழையதுதான் என்றேன்.

அவர்கள் போன பிறகு சின்யோரா கதிரையில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

"ஒவ்வொரு தரமும் மரியே, மரியே என்று கேட்டது," என்றார்.

"ஓம், சின்யோரா. அது ஆவே மரியா."

அவர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால், பிறகு கதிரையோடு. அவருடைய சிரிப்பைக் கேட்டு நாலாம் மாடியில் யன்னல் திறந்தது. என்ன நடக்கிறதென்று வக்கீல் கேட்டார். மேலே வந்தால் சொல்கிறேன் என்றார் சின்யோரா. வக்கீல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த பொரியலையும் வைனையும் நாலு பேருமாக முடித்தோம். வளையல்காரிக்கு மட்டும் இதைச் சொல்லக்கூடாது என்று சின்யோரா எங்களிடம் சத்தியம் வாங்கினார்.

ஆனால் அடுத்த கிழமையே வளையல்காரி தொலைபேசியில் எடுத்தார். அந்த மந்திரத்தைத் தினமும் விடியற்காலையில் கடலைப் பார்த்துச் சொல்லப்போகிறாராம். இத்தாலிய எழுத்தில் எழுதித் தர முடியுமா? சத்தியம் ஒரு பக்கம், மனச்சாட்சி ஒரு பக்கம். ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் போய் முழுவதையும் சொன்னேன். அது என்னவென்று தெரியாமலே ஒரு மனுசி மாதாவைக் கும்பிடப் போகிறா, நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். கண்டிப்பார் என்று நினைத்தேன்.

"உச்சரிப்புச் சரியாக வருகிறதா?" என்று கேட்டார்.

அவ தொலைபேசியில் சொல்லிப் பார்த்தவ, ழகரம் வரவில்லை என்றேன். அப்படியென்றால் படிப்பித்துக் கொடு, அரைகுறையாகச் சொல்ல விடக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பூசைக்கு உடுப்பு மாற்றப் போனார்.

இப்போது வியாழன் பின்னேரங்களில் நான் பஸ் எடுத்து மொந்தெல்லோவுக்குப் போகிறேன். பல்கனியில் கடலைப் பார்த்து இரண்டு கதிரை. அவர் வாயைத் திறந்து நாக்கை மடிக்கிறார், நான் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு என்கிறேன். முதல் மாதம் வால்கா என்றார். இரண்டாம் மாதம் வார்கா. போன கிழமை ஒரே ஒரு தரம், தும்மல் வரப்போகிற நேரத்தில், வாழ்க என்று சுத்தமாக வந்தது. இருவரும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தோம். திரும்பச் சொல்லச் சொன்னேன். வரவில்லை. தும்மல்தான் வந்தது.